அப்பா படத்துக்குக் கீழே என்ன போடுவது? கன்னடியன் கால்வாய் லஸ்கரைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

கன்னடியன்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பக்கம் வந்து எழுதி ரொம்ப நாளாகிறது. எங்கள் அப்பா போன வாரம் தவறிவிட்டார். வயது 91. படுக்கையில் கிடந்தது நாலே நாள்தான்.

சேரன்மகாதேவி பக்கம், தாமிரபரணியிலிருந்து பிரிகிற கன்னடியன் கால்வாய் ஓரத்து ஊர் எங்களுடையது. அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அப்பா பொதுப்பணித்துறையில் கால்வாயைப் பார்த்துக்கொள்கிற லஸ்கராக இருந்தவர். இங்கே பெயர் போட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். "லஸ்கர்" என்றாலே கல்லிடைக்குறிச்சியிலிருந்து பத்தமடை வரை ஆள் தெரியும் என்கிறாள்.

விஷயம் இதுதான். பதினாறாம் நாளுக்குப் பெரிய படமாகப் போடக் கொடுத்திருக்கிறோம். கடைத் தம்பி கேட்கிறார்: "அக்கா, தோற்றம், மறைவு ரெண்டும் வந்துட்டு. பேருக்குக் கீழ என்ன போட?" அண்ணன் 'பொதுப்பணித்துறை ஓய்வு' என்றான். என் வீட்டுக்காரர் 'சமூக சேவகர்' என்றார். இரண்டையும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இது யாரு?" என்று கேட்டாள்.

அதனால்தான் இங்கே வந்தேன். அப்பாவைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு விஷயம் எழுதுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா 1934-இல் பிறந்தவர் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது மணிமுத்தாறு அணையைக் கட்டினார்களே, அங்கே கல் சுமந்தார். அங்கிருந்த மேஸ்திரி ஒருவர் சொல்லித்தான் பொதுப்பணித்துறையில் லஸ்கர் வேலைக்கு எழுதிப் போட்டது. 1992-இல் 58 முடிந்து ஓய்வு.

ஒரு லஸ்கருக்கு இத்தனை மைல் கால்வாய் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அதைத் தினமும் நடந்து பார்க்க வேண்டும். கரையில் நண்டு வளை, எலி வளை விழுந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா, ராத்திரியில் யாராவது அடைத்துத் தண்ணீரைத் திருப்பியிருக்கிறார்களா, அமலைச் செடி (ஆகாயத்தாமரை) வந்து மடையில் அடைத்திருக்கிறதா, கேஜில் (தண்ணீர் மட்டம் காட்டுகிற அளவுகோலில்) எத்தனை அடி நிற்கிறது, எல்லாம் பார்க்க வேண்டும். மேலிருந்து உத்தரவு வந்தால் ஷட்டரை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். சம்பளம் கொஞ்சம்தான். பிள்ளைகள் நாங்கள் நாலு பேர்.

ஷட்டர் சாவி எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் தொங்கும். பூட்டுச் சாவி என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கை நீளத்துக்கு வளைந்த இரும்புக் கைப்பிடி, ஒரு முனையில் சதுரக் குழி. அதைத் திருகுத் தண்டின் தலையில் மாட்டி இரண்டு கையாலும் சுற்றினால் பலகை அங்குலம் அங்குலமாக மேலே வரும். முனைகள் இரண்டும் கிரீஸ் ஏறிக் கறுத்துக் கிடக்கும். அப்பா பிடிக்கிற இடம் மட்டும் எவர்சில்வர் மாதிரி மின்னும். சின்ன வயதில் அந்த மின்னுகிற இடத்தில் நான் கையை வைத்துப் பார்ப்பேன், என் இரண்டு கையும் சேர்ந்தாலும் அந்த அகலம் வராது. ஓய்வு பெற்ற அன்றைக்குச் சாவியை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டார். நடையை மட்டும் போன மாதம் வரை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

பத்தமடைப்பாய்

அக்கா, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பாய் முடையக் கோரை ஊறப்போடுகிற நாளில் தாத்தா கரையில் நின்று "இன்னைக்கு ராத்திரி தண்ணி கூடும், கட்டை மேல ஏத்திப் போடு தாயி" என்று எங்கள் ஆச்சிக்குச் சத்தம் கொடுத்துவிட்டுப் போவார். அது அவர் வேலையில் சேர்த்தி இல்லை. ஒரு கட்டுக் கோரைகூட எங்களுக்கு ஆற்றோடு போனதில்லை.

தாராவி_நெல்லை

நான் மும்பைக்கு வந்து 31 வருடமாகிறது. உங்கள் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது என் கல்யாணத்தில். ஆனாலும் அவரை நினைக்காத மழைக்காலம் இல்லை.

அக்காவுக்கு நினைவிருக்கும், மே மாதம் கால்வாயை அடைத்திருப்பார்கள். அவருக்கு வேலை குறைவு. ஆற்றிலும் தண்ணீர் இறங்கி, படித்துறையில் இடுப்பளவுதான் நிற்கும். அந்த ஒரு மாதம் காலை ஆறு மணிக்கு ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் படித்துறைக்குக் கூட்டிவிடுவார். நீச்சல் தெரியாத பிள்ளை ஊரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைச் சேர்த்துக் கட்டி முதுகில் மாட்டி இறக்கிவிடுவார். ஒரு வாரத்தில் ஒரு குடுக்கை கழன்றுவிடும். அடுத்த வாரம் குடுக்கையே கிடையாது. தாடைக்குக் கீழே அவருடைய ஒரு விரல் மட்டும் இருக்கும். "ஏலே, தண்ணி உன்னத் தூக்கும். நீ அதப் புடிச்சு அமுக்காத." இதைத்தான் நூறு தடவை சொல்வார். எப்போது அந்த விரலை எடுத்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் அவர் பத்தடி தள்ளி நிற்கிறார், நான் மிதந்துகொண்டிருக்கிறேன்.

அக்கரைப் பாறையைத் தொட்டுவிட்டு வந்தால் ஒரு துண்டு கருப்பட்டி. பெண் பிள்ளைகளையும் இறக்கினார். எங்கள் தெருவில் அதற்குப் பெரிய சண்டை. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆம்பளப் புள்ளையத்தான் ஆறு கொண்டு போவுமா, பொம்பளப் புள்ளைய விட்டுருமா?" எங்கள் அக்கா பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியது அந்தக் கேள்விக்கு அப்புறம்தான்.

வ.வே.சு. ஐயர் கதையை எங்களுக்கு முதலில் சொன்னவரும் அவர்தான். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தியவர், 1925-இல் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து, மகளோடு அவரும் போய்விட்டார். பாடப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்களுக்கு அது தெரியும். ஈரத் துணியோடு படியில் உட்கார வைத்துச் சொல்வார். அருவிக்கு மேலே பாசிப் பாறையில் கால் வைக்கக் கூடாது என்பது அன்றைக்கு மண்டையில் ஏறியதுதான்.

2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. குர்லாவிலிருந்து நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்து வந்தேன். வழியில் ஒரு அம்மாவும் சின்னப் பிள்ளையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டேன். ஒரு இடத்தில் கால் எட்டவில்லை. அப்போது தாடைக்குக் கீழே அந்த விரல் இருந்த மாதிரியே இருந்தது. இதை நான் அவரிடம் போனில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள் அக்கா.

தலைமடை_வீடு

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஆளுக்கு ஒரு விஷயம் எழுதச் சொன்னீர்கள், எனக்குத் தெரிந்த விஷயம் இதுதான். கோபமாக எழுதவில்லை, தயவுசெய்து அப்படி வாசிக்காதீர்கள்.

எண்பதுகளில் ஒரு வறட்சி வருடம். பாபநாசம் அணையில் தண்ணீர் இல்லை. நாலு நாள் மேலே, நாலு நாள் கடைமடைக்கு என்று முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் வயல் தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடை. பிசான நெற்பயிர் பால் பிடிக்கிற சமயம். எங்கள் முறை முடிந்த அன்றைக்கு, இன்னும் ஒரே ஒரு ராத்திரி பாய்ந்தால் பிழைத்துக்கொள்ளும் என்கிற நிலை. எங்கள் அப்பா ஆட்களோடு போய்ச் சாக்கில் மண் கட்டிக் குறுக்கே போட்டுத் தண்ணீரைத் திருப்பினார். லஸ்கர் ராத்திரி ஒரு மணிக்குத் தனியாக டார்ச் லைட்டோடு வந்தார். வாக்குவாதம் ஆயிற்று. கையும் நீண்டது. அவர் யாரையும் திருப்பி அடிக்கவில்லை. தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு மூட்டையாக இழுத்துக் கரையில் போட்டார்.

அந்த வருடம் எங்களுக்கு முக்கால்வாசி பதர். அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று, அது மீளவே இல்லை. அப்பா சாகும் வரை அவரிடம் பேசவில்லை. லஸ்கர் எங்கள் வீட்டு வாசல் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார், தெரு முனை தாண்டித்தான் ஏறுவார். அது மரியாதையா வேறு எதுவுமா என்று எனக்கு விளங்கியதில்லை.

கன்னடியன்கரை

எழுதியதற்கு நன்றி அண்ணே. இதையும் அம்மாவுக்கு வாசித்தேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள்: அன்றைக்கு விடியற்காலை அப்பா வரும்போது இடது புருவத்துக்கு மேலே பிளந்திருந்ததாம். மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறாள். யார் அடித்தது என்று எத்தனை கேட்டும் சொல்லவில்லை. ஆபீஸிலும் எழுதிக் கொடுக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து உங்களிடமிருந்துதான் அவளுக்கே தெரிகிறது.

அந்த வாரம் முழுக்க அப்பா ஒரு வேளைதான் சாப்பிட்டார் என்கிறாள். கேட்டதற்கு, "ஒரு வீட்டுச் சோத்த எடுத்துத்தான் இன்னொரு வீட்டுக்குக் குடுக்கேன். சும்மாவா எறங்கும்?" என்றாராம். சைக்கிளை விட்டு இறங்கியது மரியாதைதான் அண்ணே. வேறு எதுவும் இல்லை.

கடைமடை

அந்த ராத்திரி தண்ணீர் வந்தது எங்களுக்கு. கடைசிக் குளத்துப் பாசனம். நாங்கள் ஐந்து வீட்டு ஆட்கள் மடையில் படுத்துக் கிடந்தோம், நான் அப்போது ஏழாம் வகுப்பு. மூன்று நாளாகக் கால்வாய் வெறும் சேறு. விடியற்காலை தவளைச் சத்தம் மேற்கேயிருந்து ஒவ்வொரு இடமாக நெருங்கி வந்தது. தண்ணீர் வருவதற்கு முன்னால் தவளை வரும். எங்கள் சின்னையா எழுந்து உட்கார்ந்து, "லஸ்கரு விட்டுட்டாருடே" என்று அழுதார். பெரிய மனிதர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்களுக்கும் முழு வெள்ளாமை ஒன்றும் வரவில்லை. பாதி தேறியது. தலைமடை அண்ணாச்சி வீட்டு வளையல் கதை எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் அந்த வருடம் எதையும் விற்கவில்லை.

தலைமடை_வீடு

கடைமடைக்காரரே, முறை உங்கள் முறைதான். அதில் எனக்குச் சந்தேகம் எப்போதும் இல்லை. எங்கள் அம்மா கை வெறுமையாக இருந்ததையும் ஒரு ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். புருவம் பிளந்த விஷயம் எனக்குத் தெரியாது. அப்பா வீட்டில் அதைச் சொல்லவே இல்லை.

கல்லிடை_அப்பளம்

கன்னடியன் கால்வாய் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவர் கொண்டுவந்த பணத்தில் வெட்டியது. அகத்தியர் ஒரு பசுவை விட்டு, அது போகிற வழியில் கால்வாய் வெட்டு, படுக்கிற இடத்தில் குளம் வெட்டு என்று சொன்னாராம். ஒருமுறை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது லஸ்கர் அண்ணாச்சி சொன்னது எனக்கு மறக்கவில்லை.

"மாடு மேட்டுல ஏறி நடக்காது, பள்ளத்துலயும் சாடாது. சரிவு பார்த்து வளைஞ்சு வளைஞ்சுதான் போவும். நானும் முப்பது வருஷமா நடந்து பாக்கேன். இந்தக் கால்வாயி போற போக்கு மாடு போற போக்குத்தான்."

12,500 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கிற கால்வாய். மோட்டார் கிடையாது, சரிவு ஒன்றை நம்பித்தான் இத்தனை ஊர். அப்பளக் கட்டை உருட்டிக்கொண்டே எங்கள் அம்மா அன்றைக்கு, "படிச்ச இஞ்சினியரு சொன்னாக்கூட இவ்வளவு விளங்காது" என்றாள்.

நத்தைகுத்தி

நான் ஊருக்குப் புதியவன், பதினைந்து வருடப் பழக்கம்தான். ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் 2011-இல் தொடங்கியது. நாங்கள் பைனாகுலரும் படப் புத்தகமுமாகக் குளத்தங்கரையில் நிற்கிறோம், பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர். "என்ன எண்ணுதிய?" என்று கேட்டார். சொன்னோம். எங்களோடு நடக்கத் தொடங்கிவிட்டார். அப்போதே அவருக்கு 80 நெருங்கியிருக்கும்.

நாங்கள் கருவியை வைத்து நிதானமாகத் தேடுவதை அவர் வெறுங்கண்ணால் சொன்னார். எப்படி என்று கேட்டால், பறக்கிற விதம். "கழுத்த நீட்டிக்கிட்டுப் போனா நத்தைகுத்தி, அரிவாள்மூக்கன். மடக்கிக்கிட்டுப் போனா கொக்கு." பாம்புத்தாரா எந்த மட்டையில் உட்கார்ந்து இறக்கையைக் காயவைக்கும் என்பது வரை சொல்வார். பெயர்கள் சிலது அவருடைய ஊர்ப் பெயர்கள், நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம். நாமக்கோழிக் கூட்டத்தை எண்ண முடியாமல் திணறியபோது, நாற்று முடிச்சு எண்ணுகிற மாதிரி பத்துப் பத்தாகக் கண்ணால் கட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கொடுத்தார். இன்றைக்கும் நான் புது மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அதற்கு அப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்தார். ஒரு வருடம் கூந்தன்குளம் கூட்டிப்போனோம். அந்த ஊர் மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று சொன்னதும், அங்கேயே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வீட்டு அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் வரித்தலை வாத்தைப் பார்த்துவிட்டு வந்தபோதும் பேச்சு முடியவில்லை.

கரையில் வரிசையாக நிற்கிற நீர்மருதுகளில் சின்னது எல்லாம் அவர் வைத்ததுதான். ஐந்து சிறகு வைத்த மருதங்காயைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டே நடப்பார்.

ஆற்றோரத்_தெரு

1992 நவம்பர் 13, தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்த நாள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி ஆட்கள் யாருக்கும் இந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் தெரு ஆற்றுக்கு மிக அருகில். லஸ்கர் சார் ஓய்வு பெற்று சில மாதம்தான் ஆகியிருந்தது. மழை கொட்டுகிறது, கரண்ட் இல்லை. கதவைத் தடியால் தட்டுகிறார். "ஆத்துச் சத்தம் மாறிட்டு. எந்திரிங்க, பள்ளிக்கூடத்துக்குப் போங்க." எங்கள் அப்பா, தண்ணீர் இன்னும் படித்துறைக்கே வரவில்லையே என்றார். "தண்ணி வந்தப்புறம் நான் வந்து என்னத்துக்கு? மலை வாடை அடிக்கி பாரும்." நிஜமாகவே காற்றில் பச்சைத் தழையும் சேறும் கலந்த வாடை அடித்தது. மேலே காடு அறுத்துக்கொண்டு வருகிற வாடை அது என்று பிறகு சொன்னார்.

தெருவில் கடைசி வீட்டில் ஒரு ஆச்சி மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள், ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு வரமுடியாதாம். ஆட்டுக்குட்டியை அவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், ஆச்சி தானாகப் பின்னால் வந்தாள். நாங்கள் பள்ளிக்கூட மாடியில் ஏறி எத்தனை நேரம் என்று தெரியவில்லை, தெருவில் தண்ணீர். காலையில் பார்த்தால் எங்கள் வீட்டுச் சுவர் இரண்டு பக்கம்தான் நின்றது. எங்கள் தெருவில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கு 14 பேர் இருக்கிறோம் அக்கா.

கன்னடியன்கரை

அந்த ராத்திரி நாங்கள் எங்கே இருந்தோம் தெரியுமா? வீட்டில் அம்மா, நான், பிரசவத்துக்கு வந்திருந்த பெரிய அக்கா. அப்பா போனது தெரியும், எங்கே என்று தெரியாது. அம்மா விடிய விடிய அரிக்கேன் விளக்கோடு வாசலில் நின்றாள். மறுநாள் மதியம்தான் வந்தார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ஊருக்கு நல்ல மனிதராக இருப்பவர் வீட்டில் காத்துக்கிடக்கிறவர்களுக்கு எப்படி இருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் எங்களோடு இருக்கும்போது முழுசாக இருப்பார். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குக் குடும்பத்தோடு போவோம். முன்பெல்லாம் பாபநாசம் வரை பஸ், அப்புறம் நடை. காரையாற்றுக் கரையில் மரத்தடியில் ஓலை கட்டி மூன்று நாள் தங்குவோம். புளியோதரை, எள்ளுத் துவையல், முதல் நாளைக்கு. அப்புறம் அங்கேயே கல் கூட்டிப் பொங்குவது. ராத்திரி எல்லோரையும் வரிசையாகப் படுக்கவைத்து, ஓரத்தில் அப்பா படுத்துக்கொள்வார். காட்டில் ஒரு சத்தம் கேட்கும். "இது மிளா. எதையோ பார்த்துக் கத்துது." கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. "இது கருமந்தி." சத்தம் கேட்டுக்கொண்டே நாங்கள் ஒவ்வொருவராகத் தூங்கிவிடுவோம். ஒருநாள் மட்டும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் என் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கை மரப்பட்டை மாதிரி. அந்தச் சொரசொரப்புக்கு இணையாகத் தூங்கவைக்கிற வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது நாங்கள் இருந்த இடத்தைப் பெருக்கிவிட்டுத்தான் கிளம்புவோம். இலை, குப்பை எல்லாம் சாக்கில். பாபநாசத்தில் ஆற்றில் துணியை விட்டுவிட்டு வரும் பழக்கத்தை அவர் ஒத்துக்கொண்டதே இல்லை. ஒரு தடவை எங்கள் மாமா வேட்டியை ஆற்றில் விட்டார். அப்பா கீழே போய் அதை எடுத்துப் பிழிந்து, வீடு வரை கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தார்.

2023 டிசம்பர் வெள்ளம் வந்தபோது அவருக்கு 89. நடக்க விடவில்லை, கதவைப் பூட்டி வைத்தோம். அரை மணிக்கு ஒருதரம், "தண்ணி எத்தனாவது படியில நிக்கி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் மகன் சொல்லும் பதிலை வைத்து யார் யார் வீட்டுக்குப் போன் போட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். அந்த வரிசையில் முதல் வீடு ஆற்றோரத் தெருதான்.

வெள்ள நீர்க் கால்வாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2009-இல் தொடங்கிய திட்டம், எங்கள் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிந்து 75 கிலோமீட்டர் தாண்டிச் சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் போகிறது. போன வருடம் அண்ணன் மகன் காரில் கூட்டிப்போனான். கரையில் இறங்கி நின்று பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "கடைமடை இன்னும் தூரமாப் போயிட்டு. நல்லா நடக்கிற ஆளாப் போடச் சொல்லு."

பேட்டை_மருமகன்

அருமையான இழை. படத்துக்குக் கீழே 'நீர்க் காவலர்' என்று போடலாமே? லஸ்கர் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. கீழ்நிலை வேலை என்றுதான் நினைப்பார்கள்.

கல்லிடை_அப்பளம்

நினைத்தால் நினைக்கட்டும், கேட்டால் சொல்லிக்கொடுப்போம். லஸ்கர் என்பது படை என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. படையே தேவைப்படுகிற வேலையை ஒரு ஆள் பார்த்தார். 'நீர்பாய்ச்சி' என்பது நம்ம பக்கத்துப் பழைய சொல், அதுவும் நல்ல சொல்தான். 'காவலர்' என்றால் கம்பு வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது, அவர் நின்ற ஆள் இல்லை.

தாராவி_நெல்லை

அவர் பெயரே எனக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போதுதான் தெரியும். லஸ்கர் என்றே போடுங்கள்.

கன்னடியன்கரை

முடிவாகிவிட்டது. நேற்று எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துவிட்டு, நீர்க் காவலர், நீர்பாய்ச்சி, லஸ்கர் மூன்றையும் கேட்டேன். "லஸ்கருன்னே போடு. அந்தப் பேரச் சொல்லித்தான் ராத்திரி ராத்திரியா கதவத் தட்டுனாங்க. தட்டுனவங்களுக்கு அடையாளம் தெரியணும்லா" என்றாள். கடைத் தம்பிக்குச் சொல்லிவிட்டேன்.

வருகிற ஞாயிறு பதினாறாம் நாள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். இந்த இழையில் எழுதிய எல்லோரும் வர வேண்டும், தலைமடை அண்ணன் கட்டாயம் வர வேண்டும். அம்மா தனியாகச் சொல்லச் சொன்னாள்.

இன்னொன்று. மே மாதம் பிறந்துவிட்டது. படித்துறைக்குப் பிள்ளைகள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று அண்ணன் மகன் சொல்கிறான். திங்கட்கிழமை முதல் அவன் இறங்குகிறான், காலை ஆறு மணி.

ஆற்றோரத்_தெரு

கட்டாயம் வருகிறோம் அக்கா, 14 பேரும். நீச்சல் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. ஆறு இப்போது பழைய ஆறு இல்லை. ஊர்ச் சாக்கடை கலக்கிறது, அமலை வேறு. போன வருடம் என் பேரனுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. பிள்ளைகளை இறக்குவதற்கு முன்னால் யோசிக்க வேண்டாமா?

நத்தைகுத்தி

உண்மைதான். ஆனால் ஊருக்குக் கீழ்ப்புறம்தான் மோசம். சாக்கடை சேர்வதற்கு மேலே, பழைய பாறைப் பக்கம் ஓட்டம் இருக்கிறது, மணலும் தெரிகிறது. சனிக்கிழமை நான் வந்து அண்ணன் மகனோடு இடம் பார்க்கிறேன். பஞ்சாயத்துக்குச் சாக்கடை பற்றி ஒரு மனு எழுதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களிடம் கையெழுத்தும் வாங்கிவிடலாம்.

கன்னடியன்கரை

ரொம்ப நல்லது தம்பி, அப்படியே செய்வோம். குளித்துவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் ஒருதரம் மேல் கழுவ வீட்டில் ஏற்பாடு செய்கிறேன். அப்பா குடுக்கைகள் பரணில் இரண்டு இருக்கின்றன. ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. டியூப் வாங்கிவிடலாமா என்று அண்ணன் மகன் கேட்கிறான்.

தலைமடை_வீடு

டியூப் வேண்டாம், பக்கவாட்டில் புரட்டிவிடும். எங்கள் வீட்டில் விதை போட்டு வைத்த சுரைக்குடுக்கை நாலு கிடக்கிறது, நல்ல பெரிய அளவு, தோல் கெட்டி. விதையைக் கொட்டிவிட்டு வாயை மெழுகு வைத்து அடைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். கயிறு மட்டும் தென்னங்கயிறு வேண்டாம், பிள்ளைகள் தோளை அறுக்கும். பழைய வேட்டியைக் கிழித்து வையுங்கள்.